கறுப்புப் பட்டியல்: எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

ஒரு கல்லூரித் துறையில் கருத்தரங்கு நடக்கப்போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அழைப்பிதழ் தயார். முகவரிகள் தயார். துறைக்கென்று சொந்தமாக ஒரு மெயில் சர்வரும் இருக்கிறது. அனுப்பு பொத்தானை அமுக்கிய இரண்டாவது நிமிடமே இன்பாக்ஸ் நிரம்ப ஆரம்பிக்கிறது. அடடா, இவ்வளவு ஆர்வமா என்று திறந்து பார்த்தால் வந்தவை பதில்கள் இல்லை. அனுப்பிய கடிதங்களே திரும்பி வந்திருக்கின்றன! ஒவ்வொன்றிலும் 550 என்று ஒரு எண், அதை ஒட்டி ஒரே வரி: இந்த ஐ.பி. முகவரி கறுப்புப் பட்டியலில் இருக்கிறது, கடிதம் ஏற்கப்படாது.

யாருடைய பட்டியல்? யார் சேர்த்தார்கள்? என்ன குற்றத்துக்காக?

மெயில் சர்வரைக் கட்டி மேய்க்கும் எவருக்கும் இந்த அனுபவம் ஒரு நாள் வரத்தான் செய்யும். வந்ததும் நடப்பதும் எங்கும் ஒன்றுதான்: பட்டியல் போட்டவருக்கு சகஸ்ரநாம அர்ச்சனை. "எங்கள் கடிதத்தைத் தடுக்க இவர் யார்? இவருக்கு யார் கொடுத்த அதிகாரம்?"

நல்ல கேள்வி. கேட்கும் இடம்தான் தப்பு. பட்டியல்காரருக்கு அதிகாரம் கொடுத்தது அவரே அல்ல. கடிதத்தைப் பெறும் பக்கத்தில் ஒரு சர்வர் நிர்வாகி உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் கொடுத்தார். கொடுத்ததை மறந்தும் போனார். எய்தவன் அங்கே நிம்மதியாக இருக்க, எல்லோரும் அம்பைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பட்டியல் என்னதான் செய்கிறது?

தமிழில் எரிதம் என்று சொல்கிறார்களே, அந்த ஸ்பாமுக்கு வயது கொஞ்சமில்லை. 1978 மே 3 அன்று டிஜிட்டல் எக்விப்மெண்ட் கார்ப்பரேஷனின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி தர்க், அர்ப்பாநெட்டில் சுமார் 400 பேருக்குத் தங்கள் கணினியின் விளம்பரத்தை அனுப்பினார். அதுதான் எல்லாவற்றுக்கும் தாத்தா. 1994-ல் அமெரிக்காவில் கேன்டர், சீகல் என்ற வக்கீல் தம்பதி, கிரீன் கார்டு வாங்கித் தருகிறோம் என்று யூஸ்நெட் குழுக்கள் அத்தனையிலும் விளம்பரம் ஒட்டினார்கள். அதற்குப் பிறகு வெள்ளம்தான்.

அந்த வெள்ளத்துக்குக் கட்டிய அணைதான் பட்டியல். 1997-ல் பால் விக்ஸியும் டேவ் ராண்டும் ஆர்.பி.எல். என்ற முதல் பட்டியலைக் கொண்டுவந்தார்கள். அதை நடத்திய அமைப்பின் பெயர் மேப்ஸ். ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் ஸ்பாம்! குறும்புதான்.

வேலை செய்யும் விதம் ரொம்ப எளிது. 192.0.2.25 என்ற முகவரியிலிருந்து ஒரு சர்வர் கதவைத் தட்டுகிறது. பெறும் சர்வர் அந்த எண்ணைத் திருப்பி 25.2.0.192 என்று போட்டு, பின்னால் பட்டியலின் பெயரைச் சேர்த்து, டி.என்.எஸ்.-இடம் கேட்கிறது. 127.0.0.2 மாதிரி ஒரு பதில் வந்தால் முகவரி பட்டியலில் இருக்கிறது. அப்படி ஒரு பெயரே இல்லை என்று வந்தால் பட்டியலில் இல்லை. அவ்வளவுதான். கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பட்டியல் ஒரு எழுத்துகூடப் படிப்பதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பட்டியல் எந்தக் கடிதத்தையும் தடுப்பதும் இல்லை. கேட்டால் பதில் சொல்கிறது. தெருமுனை மளிகைக் கடை அண்ணாச்சி, புதிதாக வந்தவருக்குக் கடன் கொடுக்கலாமா என்று பக்கத்துக் கடைக்காரரிடம் விசாரிக்கிறார். "வேண்டாம் அண்ணாச்சி, ஆள் சரியில்லை" என்கிறார் அவர். அது அவருடைய அபிப்பிராயம். கடன் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது அண்ணாச்சி. அப்படியானால் முடிவுக்குப் பொறுப்பு யார்? அண்ணாச்சிதானே?

மூன்று டாலர் கதை

பட்டியல்காரரைத் துரத்தினால் என்ன கிடைக்கும் என்று பார்க்க ஒரு வழக்கு இருக்கிறது. அமெரிக்காவில் இ360 இன்சைட் என்ற மின்னஞ்சல் விளம்பர நிறுவனத்தை ஸ்பாம்ஹவுஸ் தன் பட்டியலில் சேர்த்தது. ஸ்பாம்ஹவுஸ், 1998-ல் ஸ்டீவ் லின்ஃபோர்ட் லண்டனில் தொடங்கிய அமைப்பு. இ360 இல்லினாய் மாநிலத்தில் வழக்குப் போட்டது. அமெரிக்க நீதிமன்றத்துக்குத் தங்கள் மேல் அதிகாரம் இல்லை என்று ஸ்பாம்ஹவுஸ் தொடர்ந்து வாதாடாமல் ஒதுங்கிக்கொள்ள, 2006-ல் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வந்தது. நஷ்ட ஈடு சுமார் 1 கோடியே 17 லட்சம் டாலர்!

பிறகு மேல்முறையீடு. நஷ்டம் எவ்வளவு என்று மறுபடி கணக்குப் பார்த்தபோது 2010-ல் அது 27,002 டாலராகச் சுருங்கியது. 2011-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் குறைத்து மூன்றே மூன்று டாலர் என்றது. பட்டியல் போட்டது சரி என்று நீதிமன்றம் சான்றிதழ் கொடுக்கவில்லை. இ360-ஆல் தன் நஷ்டத்தை ஒழுங்காக நிரூபிக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஐந்து வருடம் அலைந்து வாங்கியது ஒரு காபிக் காசு. பட்டியல்காரரோடு சண்டை போட்டே பிரச்சினையைத் தீர்த்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

செத்துப்போனவரிடம் யோசனை கேட்டவர்கள்

அதற்காகப் பட்டியல்காரர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று அர்த்தமில்லை. 2001 முதல் 2006 வரை ஸ்பூஸ் என்று ஒரு பட்டியல் இருந்தது. நடத்துபவர் யார் என்று யாருக்கும் தெரியாது. தொடர்புகொள்ள ஒரு முகவரிகூடக் கிடையாது. ஒரு நிறுவனம் எரிதக்காரரை வாடிக்கையாளராக வைத்திருந்தால் முதலில் அவருடைய ஐ.பி. பட்டியலில் ஏறும். நிறுவனம் அவரை வெளியேற்றவில்லை என்றால் பக்கத்து ஐ.பி.களும் ஏறும். இன்னும் வெளியேற்றவில்லையா, வட்டம் மேலும் பெரிதாகும். அப்பாவி வாடிக்கையாளர்கள் கத்தினால்தான் நிறுவனத்துக்கு உறைக்கும் என்பது வாதம். மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்தினால்கூடப் பரவாயில்லை, இது தெருவையே கொளுத்துகிற வேலை.

2003 ஆகஸ்டில் ஒஸிருசாஃப்ட் என்ற பட்டியலின் மேல் பெரிய தாக்குதல் நடந்தது. தாங்க முடியாமல் மூடிவிட முடிவு செய்தவர், போகிற போக்கில் உலகத்தின் எல்லா ஐ.பி. முகவரிகளையும் பட்டியலில் சேர்த்துவிட்டார்! அதை நம்பியிருந்த சர்வர்கள் எல்லாக் கடிதங்களையும் திருப்பி அனுப்ப ஆரம்பித்தன.

அதைவிட வேடிக்கை ஓ.ஆர்.டி.பி. கதை. 2006 டிசம்பரில் கடையை மூடுகிறோம் என்று ஊரறியச் சொல்லிவிட்டு மூடினார்கள். ஆனாலும் சர்வர்கள் கேட்பதை நிறுத்தவில்லை. 15 மாதம் பொறுத்துவிட்டு, 2008 மார்ச் 25 முதல் எந்த முகவரியைக் கேட்டாலும் "ஆமாம், பட்டியலில் இருக்கிறது" என்று பதில் வர ஆரம்பித்தது. அன்றைக்குத்தான் பல நிர்வாகிகள் விழித்துக்கொண்டார்கள். செத்துப்போனவரிடம் பதினைந்து மாதம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தது யார் குற்றம்? செத்தவர் குற்றமா?

பழைய கதை என்று ஒதுக்கவும் முடியாது. இன்று ஸ்பாம்ஹவுஸிடம் பொது டி.என்.எஸ். சேவை வழியாகக் கேட்டால் 127.255.255.254 என்று ஒரு பதில் வரும். "இந்த வழியாகக் கேட்கக் கூடாது" என்பதுதான் அதன் பொருள். எந்தப் பதில் வந்தாலும் குற்றவாளி என்று எடுத்துக்கொள்ளும்படி ஒரு சர்வரை அமைத்திருந்தால், அது வருகிற எல்லோரையும் திருப்பி அனுப்பும். பழி மட்டும் ஸ்பாம்ஹவுஸின் தலையில்.

நல்ல பட்டியல், கெட்ட பட்டியல்

பட்டியல்களைப் பிரித்துப் பார்க்கத் தெரியாததுதான் பாதிப் பிரச்சினை. ஸ்பாம்ஹவுஸையே எடுத்துக்கொண்டால் அதற்குள் பல பட்டியல்கள். எஸ்.பி.எல். என்பது எரிதம் அனுப்புவதாகக் கண்டுபிடிக்கப்பட்ட முகவரிகளுக்கு. எக்ஸ்.பி.எல். என்பது வைரஸ் புகுந்து அடுத்தவன் கட்டுப்பாட்டுக்குப் போன கணினிகளுக்கு. பி.பி.எல். என்பது வீட்டு பிராட்பேண்ட் மாதிரி, நேரடியாகக் கடிதம் அனுப்பத் தேவையே இல்லாத முகவரிகளுக்கு. மூன்றாவதில் இருப்பது குற்றச்சாட்டே இல்லை. ஆனாலும் அதைப் பார்த்துவிட்டு "என்னைத் திருடன் என்கிறார்கள்" என்று குதிப்பவர்கள் உண்டு. இந்தப் பட்டியல்களிலிருந்து பெயரை நீக்கக் காசு கேட்பதில்லை.

இன்னொரு பக்கம் யூசிஇபுரொடெக்ட். முதல் நிலையில் தனி ஐ.பி., இரண்டாம் நிலையில் அக்கம்பக்கத்து முகவரிகள், மூன்றாம் நிலையில் ஒரு நெட்வொர்க்கின் முகவரிகள் மொத்தமும். யாரோ சிலர் செய்த தப்புக்கு ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் கூண்டில் நிற்க வேண்டும். முதல் நிலையில் சேர்ந்தவர் புதிதாகத் தப்பு எதுவும் செய்யாவிட்டால் ஏழு நாளில் பெயர் தானாகப் போய்விடும். அது நல்ல விஷயம்தான். ஆனால் அதற்கு முன்பே போக வேண்டுமானால் பணம்!

பட்டியல் நடத்துவோருக்கான நல்ல நடைமுறைகளை வகுத்து 2012-ல் ஆர்.எஃப்.சி. 6471 வெளிவந்தது. நீக்குவதற்கோ, சீக்கிரம் கவனிப்பதற்கோ கட்டணமும் நன்கொடையும் வாங்கவே கூடாது, அப்படி வாங்கும் பட்டியலைப் பயன்படுத்தாமல் இருப்பதே மேல் என்று அதில் தெளிவாக இருக்கிறது. அப்படியிருந்தும் காசு கேட்கும் பட்டியலை ஒரு நிர்வாகி தன் சர்வரில் சேர்த்து, அதை வைத்துக் கடிதத்தை மறுத்தால், வசூல் நடப்பது அவர் கொடுத்த தைரியத்தில்தான். யாருமே கேட்காத பட்டியலுக்கு எவன் காசு கொடுப்பான்?

பட்டியலே வேண்டாமா?

"அப்படியென்றால் எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிடலாமே" என்பார்கள். கூடாது. 2008 நவம்பர் 11 அன்று அமெரிக்காவில் மெக்கோலோ என்ற ஒரே ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்தின் இணைப்பைத் துண்டித்தார்கள். உடனே உலகம் முழுவதும் எரிதம் பாதிக்கு மேல் குறைந்தது. சில மாதங்களில் மறுபடி ஏறிவிட்டது என்பது வேறு விஷயம். ஆனால் அழுக்கு சில இடங்களில் குவிந்திருக்கிறது, அந்த இடங்களை அடையாளம் காட்டினால் பலன் உண்டு என்பது அன்று நிரூபணமானது. 2013 மார்ச்சில் ஸ்பாம்ஹவுஸின் மேல் நொடிக்கு 300 கிகாபிட் வரை தாக்குதல் நடந்ததே, சும்மாவா? வலிக்காத இடத்தில் இவ்வளவு ஆத்திரம் வராது.

பெரிய நிறுவனங்களிடம் தங்களுக்கென்று வடிகட்டிகள் இருக்கின்றன, அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆள்பலமும் இருக்கிறது. ஒரு கல்லூரித் துறைக்கோ சின்ன அலுவலகத்துக்கோ என்ன இருக்கிறது? பட்டியல்தான். பட்டியல் இல்லாவிட்டால் முதலில் மூழ்குவது சின்னவர்கள்.

அனுப்புபவருக்கும் பங்கு உண்டு

திருப்பி அனுப்பப்பட்டவர் எல்லோரும் அப்பாவி என்பதும் பொய். கருத்தரங்குத் துறையின் கதையையே கிண்டிப் பார்த்தால் என்ன கிடைக்கும்? அலுவலகக் கணினிகள் அனைத்தும் ஒரே பொது ஐ.பி. வழியாக வெளியே போகின்றன. அதில் ஒன்றில் வைரஸ் புகுந்து இரவு முழுவதும் எரிதம் அனுப்புகிறது. கெட்ட பெயர் அந்த ஒரே ஐ.பி.க்கு, அதாவது எல்லோருக்கும். மெயில் சர்வர் தவிர வேறு எந்தக் கணினியும் போர்ட் 25 வழியாக வெளியே போகக் கூடாது என்று ஃபயர்வாலில் ஒரு விதி போட்டிருந்தால் இது நடந்தே இருக்காது.

இன்னும் இருக்கிறது. ஐ.பி.யைத் திருப்பிக் கேட்டால் சர்வரின் பெயர் வர வேண்டும், அந்தப் பெயரைக் கேட்டால் அதே ஐ.பி. வர வேண்டும். பலர் இதைச் செய்வதே இல்லை. எந்த சர்வர் தன் பெயரில் அனுப்பலாம் என்று அறிவிக்கும் எஸ்.பி.எஃப்., கடிதத்தில் கையெழுத்துப் போடும் டிகிம், இரண்டும் பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க், இவை மூன்றும் இன்று அடிப்படை. யாரோ விற்ற முகவரிப் பட்டியலை வாங்கி அனுப்புவது தற்கொலைக்குச் சமம். அதில் யாருக்கும் சொந்தமில்லாத பொறி முகவரிகள் கலந்திருக்கும். அவற்றுக்குக் கடிதம் போனாலே, கேட்காதவருக்கு அனுப்புகிறவர் என்று முத்திரை விழும். திரும்பி வந்த முகவரிகளை நீக்காமல் மறுபடி மறுபடி அனுப்புவதும் அதே மாதிரிதான். abuse, postmaster என்ற இரண்டு பெட்டிகளுக்கு வரும் புகாரை யாராவது ஒருவர் தினமும் படிக்க வேண்டும். 1997-லேயே ஆர்.எஃப்.சி. 2142 இந்தப் பெயர்களை வகுத்துவிட்டது. எத்தனை இடத்தில் அந்தப் பெட்டிகளைத் திறக்க ஆள் இருக்கிறது?

புதிதாக வாங்கும் ஐ.பி.யின் பூர்வீகத்தையும் விசாரிக்க வேண்டும். ஆசிய-பசிபிக் பகுதியில் தாராளமாகக் கொடுப்பதற்கான பழைய வகை முகவரிகள் 2011 ஏப்ரலோடு தீர்ந்தன. இன்று வாடகைக்குக் கிடைப்பதில் நிறைய ஏற்கெனவே யாரோ பயன்படுத்தியவை. புது வீட்டுக்குக் குடிபோன மறுநாள், முன்னால் இருந்தவர் கடன் வாங்கிய ஆட்கள் வந்து கதவைத் தட்டுவார்களே, அந்தக் கதைதான். அதோடு, புது ஐ.பி.யிலிருந்து முதல் நாளே ஆயிரக்கணக்கில் அனுப்பாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். நல்ல பெயர் ஒரே நாளில் வருவதில்லை, ஊரிலும் சரி, நெட்டிலும் சரி.

உண்மையான பயம் வேறு

மேலே சொன்ன பட்டியல்கள் எல்லாம் பகிரங்கமானவை. இருக்கிறதா இல்லையா என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம், சண்டையும் போடலாம். பெரிய மின்னஞ்சல் நிறுவனங்கள் உள்ளே வைத்திருக்கும் மதிப்பெண் அப்படியில்லை. 2024 பிப்ரவரி முதல் கூகுள், ஒரு நாளைக்கு 5,000 கடிதத்துக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புவோர் எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் மூன்றையும் வைத்திருக்க வேண்டும், எரிதப் புகார் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது என்றது. யாஹூவும் கூடவே வந்தது. 2025 மே முதல் மைக்ரோசாஃப்டும் தன் அவுட்லுக் முகவரிகளுக்கு இதே மாதிரி விதிகளைக் கொண்டுவந்தது. விதிகள் நல்லவை, எழுத்தில் இருப்பவை, குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் எல்லா விதிகளையும் ஒழுங்காகக் கடைப்பிடித்த சின்ன சர்வரின் கடிதம் ஸ்பாம் பெட்டிக்குள் போய் விழுந்தால்? 550 வராது. "பெற்றுக்கொண்டோம்" என்ற 250 தான் வரும். அனுப்பியவர் போய்ச் சேர்ந்தது என்று நினைப்பார். பெறுபவர் பார்க்கவே மாட்டார். காரணம் கேட்க 127.0.0.2 கிடையாது.

இந்த இடத்தில்தான் முரண். பகிரங்கப் பட்டியலின் மேல் வந்த கோபத்தில் "இனி இந்தத் தலைவலியே வேண்டாம்" என்று சர்வரை மூடிவிட்டு, பெரிய நிறுவனத்திடம் போய்ச் சேருகிறார்கள். காரணம் சொன்ன நீதிபதியைத் திட்டிவிட்டு, காரணமே சொல்லாத நீதிபதியின் வீட்டில் குடியேறுகிறார்கள்! மின்னஞ்சல் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு விஷயம். ஒரு சர்வர், ஒரு பெயர், ஒரு இணைப்பு இருந்தால் யார் வேண்டுமானாலும் உலகத்தோடு கடிதம் பரிமாறலாம். ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு சின்ன அலுவலகமும் இப்படி மூடிக்கொண்டே போனால், கடைசியில் மிஞ்சும் இரண்டு மூன்று பேர் வைத்ததுதான் சட்டம்.

என்ன செய்ய வேண்டும்?

பெறும் சர்வரின் நிர்வாகி, ஒரு பட்டியலைச் சேர்ப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். சேர்த்ததற்குக் காரணம் சொல்கிறதா? வெளியே வர வழி இருக்கிறதா? காசு கேட்காமல் இருக்கிறதா? மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தப் பட்டியல் வேண்டாம். முழு நெட்வொர்க்கையும் தண்டிக்கும் பட்டியலை வைத்துக் கடிதத்தை மறுக்கக் கூடாது, வேண்டுமானால் மதிப்பெண்ணில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

சேர்த்த பிறகும் வேலை முடியவில்லை. 2010-ல் வந்த ஆர்.எஃப்.சி. 5782 ஒரு சுலபமான சோதனை சொல்கிறது. 127.0.0.2 என்ற முகவரி பட்டியலில் எப்போதும் இருக்க வேண்டும், 127.0.0.1 எப்போதும் இருக்கவே கூடாது. முதலாவது இல்லையென்றால் பட்டியல் செத்துவிட்டது, இரண்டாவது இருந்தால் அதற்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. தினமும் ஒரு தடவை இதைச் சோதிக்கும் ஸ்கிரிப்ட் எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஒஸிருசாஃப்ட், ஓ.ஆர்.டி.பி. மாதிரி இரண்டு கூத்துகளும் அன்றே பிடிபட்டிருக்கும். திருப்பி அனுப்பும் கடிதத்தில் எந்தப் பட்டியல், யாரிடம் முறையிடுவது என்று இரண்டு வரி சேர்க்க வேண்டும். அந்த முறையீடு வரும் பெட்டிக்கு மட்டுமாவது பட்டியலைப் போடக் கூடாது. முறையிடும் கடிதமும் 550 என்று திரும்பி வந்தால் அது என்ன நியாயம்?

550 வாங்கியவரும் முதலில் தன் வீட்டைச் சுத்தம் செய்ய வேண்டும். அது முடிந்ததும் பட்டியல்காரருக்கு மட்டும் எழுதி நிறுத்திவிடாமல், கடிதத்தை மறுத்த சர்வரின் நிர்வாகிக்கும் (போன் செய்தாவது) எழுத வேண்டும்: "இந்தப் பட்டியலை ஏன் நம்புகிறீர்கள்? கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள்?"

அந்த இரண்டாவது கேள்விக்கு நேராகப் பதில் சொல்லக்கூடிய நிர்வாகிகள் எத்தனை பேர் தேறுவார்கள்? கேட்டுப் பார்த்தால்தான் தெரியும்.